காற்றை நம்பாதவள்

அவளுடைய பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் கோலசிலாங்கூர் பக்கம் இன்னும் நாலு பேருக்கு நினைவு வந்துவிடும். "ஐயோ, அந்தப் பொண்ணா? தங்கமான பொண்ணாச்சே" என்று ஆரம்பித்துவிடுவார்கள். அதை நான் கேட்க வேண்டிய அளவுக்குக் கேட்டாகிவிட்டது.

பஸ்ஸில் டிக்கெட் வெட்டுகிறவள். அதனால் ஊருக்கெல்லாம் டிக்கெட்டக்கா. அவளைவிட மூத்த ஆம்பளைகள்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள். என் வீட்டுக்காரர் ஓட்டிய பஸ்ஸில்தான் அவளுக்கு வேலை. அசாம் ஜாவாவில் எங்கள் வீட்டிலிருந்து விடியலில் மோட்டாரில் கிளம்பிப் போனார் என்றால் விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் திரும்புவார். அந்த நேரமெல்லாம் அவளோடுதான் இருந்தார். என்னோடு இருந்த நேரத்தில் பாதிக்கு மேல் தூங்கினார். எண்பதுகளின் நடுவில், கல்யாணமாகிச் சில வருடங்களே ஆன எனக்கு, கையில் ஒரு பெண் குழந்தையை வைத்துக்கொண்டு இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதே வேலையாக இருந்தது.

அவளை அழகி என்று சொல்ல முடியாது. நல்ல உயரம், கறுப்பு, எலும்பு தெரிகிற தோள். கம்பெனி கொடுத்த நீலச் சட்டை, குறுக்கே தோல் பை, கொண்டையில் செருகிய பென்சில். ஓடுகிற பஸ்ஸில் எதையும் பிடிக்காமல் நிற்பாள். வளைவில் நாங்களெல்லாம் ஒருவர் மேல் ஒருவர் சாய்வோம், அவள் மட்டும் நட்டு வைத்த மாதிரி நின்றுகொண்டு மீதிச் சில்லறை எண்ணுவாள். முதல் தடவை பார்த்தபோது, இவளைப் பார்த்தா பயப்பட வேண்டும் என்று எனக்குக் கொஞ்சம் சிரிப்புகூட வந்தது. வீட்டுக்கு வந்து கண்ணாடியில் என்னைப் பார்த்துக்கொண்டேன். நான் அவளைவிட அழகுதான். அது எனக்கு ஒரு பிரயோசனமும் செய்யவில்லை.

ஏனென்றால் அவர் வாயைத் திறந்தால் அவள்தான். பெயரைச் சொல்ல மாட்டார், 'அவ' என்றும் சொல்ல மாட்டார். "அது" என்பார். "அது சொல்லிச்சு, அந்தப் பாலம் வலப்பக்கம் இறங்கிப்போச்சாம்." "அது இன்னைக்கு ஒரு சீனக் கிழவியை வீடு வரைக்கும் கொண்டுபோய் விட்டுட்டு வந்துச்சு, பஸ்ஸே நின்னுச்சு லா." அந்த 'அது'வில் ஒரு செல்லம் இருந்தது. எங்கள் மகளை மட்டும்தான் அவர் அப்படிச் சொல்வார்.

அவளுக்கு ஒரு குணம் உண்டு. அந்தரத்தில் இருக்கிற எதையும் நம்ப மாட்டாள். ஒரு பொருள் நிற்கிறது என்றால் எதன்மேல் நிற்கிறது என்று அவளுக்குத் தெரிந்தாக வேண்டும். "இது எதுமேல நிக்குது?" என்பது அவள் வாயில் வந்துகொண்டே இருக்கும். நாற்காலியை ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவாள். மாரியம்மன் கோயில் திருவிழாவுக்குப் பந்தல் போட்டிருந்தபோது, சனமெல்லாம் சாமியைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருக்க, அவள் மூலைக் கம்பத்தைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தாள். அந்தக் கம்பத்துக்கு அடியில் வெறும் சேறு. பந்தல்காரனைக் கூப்பிட்டுக் கல் வைக்கச் சொல்லிவிட்டுத்தான் சாமிக்கு முன்னால் வந்தாள். மனுசர்களைப் பற்றியும் அதே கேள்விதான். யாராவது புதுப் பணக்காரன் காரில் போனால், "அந்தாளு எதுமேல நிக்கிறாரு?" என்று கேட்பாளாம். பஸ் முழுக்கச் சிரிக்குமாம். இதையும் எனக்கு அவர்தான் சொன்னார், சிரித்துக்கொண்டே.

ஒரு தீபாவளிக்கு அவளை வீட்டுக்குக் கூப்பிட்டிருந்தார். என்னிடம் முன்கூட்டிச் சொல்லக்கூட இல்லை. நான் முறுக்குத் தட்டை எடுத்துக்கொண்டு வந்தபோது அவள் உட்காரவே இல்லை, என் மகளின் தொட்டிலுக்கு முன்னால் நின்றிருந்தாள். நம் பக்கத்து வீடுகளில் எல்லாம் இருக்கிற தொட்டில்தான். கூரைச் சட்டத்தில் கொக்கி, கொக்கியில் ஸ்பிரிங், ஸ்பிரிங்கில் சாரோங் கைலி. குழந்தை அப்போது என் மாமியார் மடியில் இருந்தாள். டிக்கெட்டக்கா சாரோங்கை இரண்டு கையாலும் பிடித்து, தன் கனத்தையெல்லாம் போட்டுத் தொங்கினாள்.

"அக்கா, கொக்கி தேஞ்சிருக்கு. மாத்திருங்க."

"ரெண்டு வருசமா ஆடுது. ஒண்ணும் ஆகல" என்றேன்.

"இத்தனை நாளா ஒண்ணும் ஆகலன்னா, தேய்மானம் இத்தனை நாளா நடக்குதுன்னு அர்த்தங்கா."

என் வீடு, என் குழந்தை, என் கூரை. பல்லைக் கடித்துக்கொண்டு முறுக்கைக் கொடுத்தேன். மறுநாள் காலையில் அவர் ஏணி போட்டு ஏறிக் கொக்கியை மாற்றிக்கொண்டிருந்தார். சமையலறைக் குழாய் சொட்டுகிறது என்று நான் சொல்லி எத்தனையோ மாதம் ஆகியிருந்தது. கழற்றிய கொக்கியைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார். நடுவில் நூலாகத் தேய்ந்திருந்தது. அதைப் பார்த்ததும் எனக்குப் பயம் வந்தது உண்மைதான். ஆனால் அதைவிட, அவள் சொன்னது சரியாகப் போய்விட்டதே என்றுதான் ஆத்திரம் வந்தது. அவள் தப்பாகச் சொல்லியிருந்தால் எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கும்.

அதற்கப்புறம்தான் காற்று பஸ் வந்தது. பஸ் கம்பெனி முதலாளியான சீனத் தவுக்கே, கல்யாணத்துக்கும் கோயிலுக்கும் வாடகைக்கு விடலாம் என்று ஒரு பழைய பஸ்ஸை எங்கிருந்தோ வாங்கிவந்தார். குளுகுளு பஸ், சாய்கிற நாற்காலி. அதை ஓட்ட என் வீட்டுக்காரர், கூடப் போக அவள். இரண்டு பேரையும் ஒருநாள் கோலாலம்பூருக்கு அனுப்பி அங்கே ஒரு பட்டறையில் எல்லாவற்றையும் தெரிந்துகொண்டு வரச் சொன்னார்கள். அந்த ஒருநாள் எனக்கு எப்படிப் போயிற்று என்று சொல்ல வார்த்தை இல்லை. துவைத்த துணியையே திரும்பத் துவைத்தேன்.

திரும்பிவந்தவர் சட்டையைக்கூட மாற்றாமல் மகளின் பலூனை எடுத்து ஊதினார். அதைத் தரையில் வைத்து, மேலே பிஸ்கட் டின் மூடியை வைத்து, கையால் பிடித்துக்கொண்டார்.

"இங்க பாரு. மத்த பஸ்ஸுக்கெல்லாம் உடம்பைத் தாங்குறது இரும்புப் பட்டை. இதுக்கு ரப்பர் பை. பைக்குள்ள காத்து. சக்கரத்து அச்சுக்கும் பஸ் உடம்புக்கும் நடுவுல இந்தப் பைதான். அதான் மெத்தை மாதிரி போகுது."

"சரி."

"பட்டறை ஃபோர்மேன் எல்லாம் சொல்லி முடிச்சாரு. அது ஒரே ஒரு கேள்வி கேட்டுச்சு. காத்து போயிட்டா உடம்பு எங்க வந்து நிக்கும்?" ஒரு ஊசியை எடுத்துப் பலூனைக் குத்தினார். டின் மூடி தரையில் விழுந்தது. மகள் அழுதாள். "ஃபோர்மேன் சக்கரத்துக்கு மேல விரலை வச்சுக் காட்டினாரு. இவ்வளவுதான் இடைவெளி இருக்குமாம். மனுசன் தலை நசுங்கிரும். டயர் மாத்துறப்போ பஸ் உசரமா நிக்குதேன்னு உள்ள தலைய விடக்கூடாது. ஜேக்கை அச்சுக்கு அடியில வைக்கணும், அப்புறம் உடம்புச் சட்டத்துக்கு அடியிலயும் கெட்டியா முட்டுக் குடுக்கணும். பை தாங்குதுன்னு நம்பக் கூடாது."

நான் குழந்தையைத் தூக்கிக்கொண்டேன். அவர் முகத்தில் ஒரு பெருமை. பஸ்ஸைப் பற்றிய பெருமையா, அந்தக் கேள்வியைப் பற்றிய பெருமையா என்று எனக்குத் தெரிந்துதான் இருந்தது.

அடுத்த வாரமே அவள் மரப் பட்டறைக்குப் போய், நல்ல கெட்டி மரத்தில் இரண்டு கட்டைகள் அறுத்து வாங்கி, பஸ்ஸின் சாமான் அறையில் போட்டுவைத்தாள். சாமான் அறையில் என்ன வைப்பதாக இருந்தாலும் கட்டைகள் முதலில் கைக்கு வரும்படிதான் வைக்க வேண்டும். சமையல் பாத்திரக்காரர்களோடு அதற்காகச் சண்டைகூடப் போட்டிருக்கிறாள்.

என் சித்தப்பா மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீடு சுங்கை ஆயர் தாவாரில். பெண் வீட்டார் போவதற்கு அந்தக் காற்று பஸ்தான் பேசியிருந்தார்கள். மாமியாரிடம் குழந்தையை விட்டுவிட்டு நானும் போனேன். என் புருசன் ஓட்டுகிற பஸ், என் தங்கச்சி கல்யாணம், புதுப் பட்டுப்புடவை. அன்றைக்கு அந்த பஸ்ஸில் நான்தான் முதல் ஆள் என்ற நினைப்போடு அவருக்கு நேர் பின் இருக்கையில் உட்கார்ந்தேன். பெண்ணின் நகைப் பெட்டி என் மடியில்.

செகிஞ்சானைத் தாண்டி, இரண்டு பக்கமும் நெல் வயலாக இருக்கிற இடத்தில் பின்பக்கம் டயர் வெடித்தது. அவர் மெதுவாக ஓரம் கட்டப் போனார்.

"இங்க வேணாம்ணே. ஓரமெல்லாம் களிமண்ணு. ஜேக் இறங்கிரும்" என்றாள் அவள். "கொஞ்சம் முன்னால கம்பத்து ஊருக்குள்ள திரும்புற முனையில தரை கெட்டியா இருக்கும்."

அவர் உருட்டிக்கொண்டு அங்கே போனார். அவள் கதவைத் திறந்தாள். "எல்லாரும் இறங்கணும். பாரிட்டைத் தாண்டித் தென்னை மரத்துக்கிட்ட போய் நில்லுங்க." பாரிட் என்றால் சாலையோரத்து வாய்க்கால். அதன்மேல் பலகைப் பாலம் இருந்தது.

"முகூர்த்தத்துக்கு நேரமாச்சும்மா, நாங்க உள்ள உக்காந்திருந்தா உனக்கென்ன?" என்றார் பெண்ணின் தாய்மாமன். அவள் அவருடைய வேட்டி நுனி கதவில் மாட்டாமல் தூக்கிப் பிடித்து அவரை இறக்கிவிட்டாள். பெண், தோழிகள், சீர்த்தட்டு எல்லாம் இறங்கியது. நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன்.

"அக்கா, இறங்குங்க."

"அவரு சொல்லட்டும்" என்றேன்.

கீழே முன்சக்கரத்துக்கு முட்டு வைத்துக்கொண்டிருந்தவர் சனம் முழுக்கக் கேட்கும்படி கத்தினார். "இறங்கேன்! அது சொல்லுதுல்ல?"

நான் இறங்கினேன். பலகைப் பாலத்தில் நடக்கும்போது கால் கூசியது. எல்லாரும் என்னையே பார்ப்பதுபோல இருந்தது. அக்கரையில் நகைப் பெட்டியை நெஞ்சோடு கட்டிக்கொண்டு நின்றேன். இருபது அடிக்கு அந்தப் பக்கம் அவர்கள் இரண்டு பேரும் பேசாமலே வேலை செய்தார்கள். அவர் கை நீட்டினால் அவள் சாமானை வைத்தாள். ஜேக்குக்கு அடியில் அவள் பலகை போட்டாள், அவர் அச்சுக்கு அடியில் ஜேக்கை வைத்து ஏற்றினார். நானும் அவரும் ஒரு கட்டிலைத் தூக்கி வைத்தால்கூடச் சண்டை வரும். இவர்களைப் பார்த்தால் காலகாலமாகச் சேர்ந்து குடும்பம் நடத்தியவர்கள் மாதிரி இருந்தது. அப்படி ஒரு எரிச்சல் எனக்கு அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை.

இரட்டை டயரில் வெளி டயரைக் கழற்றியாயிற்று. கிழிந்த ரப்பர் ஒன்று உள்ளே சுற்றிக்கொண்டு வரமாட்டேன் என்றது. அவள் ஒரு கட்டையைச் சட்டத்துக்கு அடியில் வைத்துவிட்டு இன்னொன்றை எடுக்கப் போயிருந்தாள். தாய்மாமன் பாலத்தைத் தாண்டி வந்து கத்த ஆரம்பித்தார்.

"கட்டையெல்லாம் எதுக்கு மாப்ள? ஜேக்தான் தூக்கிட்டு நிக்குதுல்ல? ஐயர் போயிருவாருய்யா!"

என் வீட்டுக்காரர் அந்த அவசரத்தில் மண்டியிட்டு, சக்கரத்துக்கும் பஸ் உடம்புக்கும் நடுவே தலையையும் தோளையும் நுழைத்தார். கட்டையோடு திரும்பிய அவள் அதைப் போட்டுவிட்டு ஓடி, பின்கழுத்துச் சட்டையைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தாள். பொத்தான்கள் தெறித்தன. அவர் மல்லாந்து விழுந்தார்.

"முட்டு வைக்காம உள்ள போவாதீங்கன்னு எத்தனை தடவைண்ணே சொல்றது! செத்துப்போவணுமா?"

தாய்மாமனே இரண்டடி பின்னால் போனார். என் புருசன், நான் குரலை உயர்த்தினால் மூன்று நாள் பேசாமல் இருக்கிறவர், அத்தனை பேர் முன்னாலும் பள்ளிக்கூடப் பிள்ளைபோல உட்கார்ந்து அவள் இரண்டாவது கட்டையை வைக்கிறவரை காத்திருந்தார். அவள் தட்டிப் பார்த்தாள், காலால் உதைத்துப் பார்த்தாள். "ம்" என்றாள். பிறகுதான் அவர் மறுபடி தலையை உள்ளே விட்டார்.

பெரிய சத்தமெல்லாம் இல்லை. யாரோ நீளமாகப் பெருமூச்சு விட்ட மாதிரி ஒரு சீறல். பழைய ரப்பர் பை கிழிந்து காற்று போய்விட்டது. பஸ்ஸின் உடம்பு ஒரே இறக்கமாக இறங்கிக் கட்டைகளின்மேல் 'டொம்' என்று உட்கார்ந்தது. ஒரு கட்டையில் விரிசல் ஓடியது எங்களுக்கே கேட்டது. அவருடைய கால் இரண்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. கால்கள் அசையவில்லை.

நான் ஓடப் பார்த்தேன். பாலம் எங்கே இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

பிறகு கால்கள் மண்ணை உந்தின. இடுப்பு வந்தது, தோள் வந்தது, முகமெல்லாம் கரியாக அவர் வெளியே வந்தார். அவள் அவருக்கு முன்னால் மண்டியிட்டு, "விரலைக் காட்டுங்க. எல்லா விரலையும் காட்டுங்கண்ணே" என்று அவருடைய வலது கையைப் பிடித்து ஒவ்வொரு விரலாக மடக்கிப் பார்த்தாள். பிறகு இடது கை. அவர் எதையும் பார்க்காமல் கையைக் கொடுத்துக்கொண்டிருந்தார். அவள் கடைசி விரலைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாள்.

என் புருசன் பிழைத்த நேரத்தில் நான் பார்த்தது இதைத்தான்.

பஸ் அதற்குமேல் நகரவில்லை. அந்தப் பக்கம் வந்த நெல் லோரியை நிறுத்தி, பாய் விரித்து, பெண்ணையும் எங்களையும் ஏற்றிவிட்டாள். முகூர்த்தம் முடிகிற வேளையில் தாலி ஏறியது. சாப்பாட்டுப் பந்தியில் தாய்மாமன்தான் கதையை ஆரம்பித்தார். கட்டையைத் திட்டியவர், இப்போது கட்டையின் நீளம் அகலமெல்லாம் கையால் காட்டினார். பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்து என் கையைப் பிடித்தார்கள். "அந்தப் பொண்ணு இல்லாட்டி இந்நேரம் உன் கழுத்துல ஒண்ணும் இருக்காதுடி." "அதுக்கு நீ காலம் பூரா கடன்பட்டவ." தலையாட்டிக்கொண்டே பாயசம் குடித்தேன். என் கழுத்தில் கிடந்த தாலி அவள் எடுத்துக் கொடுத்தது மாதிரி எல்லாரும் பேசினார்கள். அவர் பிழைத்ததற்குச் சாமிக்கு நன்றி சொல்ல முடிந்தது. அவளுக்கு ஏன் சொல்ல வேண்டியிருக்கிறது என்றுதான் மனம் முரண்டு பிடித்தது. வேறு யாராவது இழுத்திருக்கக் கூடாதா? ஒரு கிழவனாவது?

மாமியார் விடவில்லை. ஒரு புடவை வாங்கிக்கொண்டு நானே போய்க் கொடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போனேன். எஸ்டேட் லயத்து வரிசை வீடு ஒன்றில் அண்ணன் குடும்பத்தோடு இருந்தாள். வீட்டில் வேறு யாரும் இல்லை. பின்பக்கம் துணி அலசிக்கொண்டிருந்தவள் ஈரக் கையோடு வந்தாள். கொண்டையில் பென்சில் இல்லை, முடி தோளில் கிடந்தது. அப்படிப் பார்க்கும்போது அழகாகத்தான் இருந்தாள்.

புடவையை நீட்டினேன். "எதுக்குக்கா இதெல்லாம்?" என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"மாமி குடுக்கச் சொன்னாங்க."

"நீங்க?"

அந்தக் கேள்வியில் எனக்கு உள்ளே ஏதோ அறுந்தது. வருடக்கணக்காக வைத்திருந்ததைக் கேட்டுவிட்டேன். "உனக்கும் அவருக்கும் என்ன?"

அவள் திடுக்கிடவில்லை. படியில் உட்கார்ந்து ஈரக் கையைப் பாவாடையில் துடைத்தாள்.

"அவருக்கு ஒண்ணும் இல்லக்கா. எனக்குத்தான்."

நான் நின்றுகொண்டே இருந்தேன்.

"ரொம்ப நாளா எனக்கே தெரியாது. பஸ்ஸு, வேலை, அண்ணே அண்ணேன்னு போயிட்டிருந்துச்சு. அன்னைக்கு அவரு விரலைப் பாத்தேன்ல, அப்பத்தான் தெரிஞ்சுச்சு. எல்லா விரலும் சரியா இருந்துச்சு, விட்டுட்டு எந்திரிச்சிருக்கணும். எந்திரிக்க முடியல. நிமிந்து பாத்தா அந்தக் கரையில நீங்க நிக்கிறீங்க, பொட்டியைக் கட்டிப் புடிச்சிட்டு."

"அவருகிட்ட…"

"சொல்லல. சொல்லவும் மாட்டேன். தவுக்கேகிட்டச் சொல்லிட்டேன், இந்த மாசத்தோட நின்னுக்கிறேன். ரவாங்ல ஃபேக்டரி வேலை கிடைச்சிருக்கு. கூட்டாளி வீட்டுல தங்கிக்குவேன்." பிறகு என்னைப் பார்த்தாள். "நீங்க கேக்காம இருந்தா உங்ககிட்டயும் சொல்லியிருக்க மாட்டேன். கேட்டுட்டீங்க. பொய் சொல்ல வரல."

நான் ஜெயித்துவிட்டேன். என் சந்தேகம் சரி. அவள் போகிறாள். இதைவிட எனக்கு என்ன வேண்டும்? ஆனாலும், வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்காமல் இவ்வளவு பெரிய ஒன்றை ஒருத்தியால் இறக்கி வைத்துவிட்டுப் போக முடிகிறதே என்று அங்கேயும் எனக்குப் பொறாமைதான் வந்தது. நான் அவளாக இருந்திருந்தால் போயிருக்க மாட்டேன்.

புடவையைப் படியில் அவள் பக்கத்தில் வைத்தேன். "இது நான் குடுக்கிறது" என்றேன். எடுத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்தேன். அவர் அப்போதுதான் எங்கோ வெளியே போய்விட்டு வந்து வாசல் படியில் உட்கார்ந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"பாத்தியா? என்ன சொல்லிச்சு?"

"வேலைய விடுதாம். ரவாங்ல ஃபேக்டரிக்குப் போகுதாம். சம்பளம் கூடவாம்" என்றேன். நானும் 'அது' என்றுதான் சொன்னேன் என்பதை அப்புறம்தான் கவனித்தேன்.

"அப்படியா" என்றார்.

நான் உள்ளே போய்ப் புடவையை மாற்றிவிட்டு, குழந்தைக்குப் பால் கலக்கிக் கொடுத்துவிட்டு, துணியை எடுக்க வாசலுக்கு வந்தேன். ஒரு காலில் சப்பாத்தோடு, மற்றதைக் கையில் வைத்துக்கொண்டு, அவர் அதே படியில் உட்கார்ந்திருந்தார். கொடியிலிருந்த துணியையெல்லாம் எடுத்தேன். அவரைத் தாண்டி உள்ளே போனேன். விளக்கு வைக்கிற நேரம் ஆகியும் அவர் காலில் கிடந்த சப்பாத்தைக் கழற்றவில்லை.